இலவு காத்த கிளியும் இலவுக்கு வந்த வௌவாலும்

போன இதழில் வேறு ஏதோ கேள்விக்குப் பதில் எழுதும்போது, "நீங்கள் தலை வைத்துப் படுக்கிற இலவம்பஞ்சுத் தலையணையில் வௌவாலுக்கும் ஒரு பங்கு உண்டு" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அவ்வளவுதான், வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வௌவால். நம்பாமல் சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. சரி, இந்த முறை முழுக்க வௌவாலே.

குடியாத்தம் வாசகர்: பூவில் தேன் குடிக்கும் வௌவால் என்று ஒரு வீடியோ பார்த்தேன் சார். அதற்கு உடம்பைவிட நாக்கு நீளமாம். நிஜமா? நம்ம பக்கம் அது இருக்கா?

நிஜம்தான். ஆனால் அது இருப்பது தென் அமெரிக்காவில், ஈக்வடார் நாட்டு மலைக்காடுகளில். அனூரா ஃபிஸ்டுலாட்டா என்று பெயர். 2005-ல்தான் அதைத் தனி இனமாகப் பிரித்துப் பெயரே வைத்தார்கள். உடம்பு நம் ஆள்காட்டி விரல் நீளம்கூடத் தேறாது, நாக்கு மட்டும் எட்டரை சென்டிமீட்டர். இத்தனை நீள நாக்கை அந்தக் குட்டி வாய்க்குள் எங்கே சுருட்டி வைக்கிறது என்றுதானே கேட்பீர்கள்? வாய்க்குள் வைப்பதே இல்லை. நாக்கின் அடி தொண்டையோடு நிற்காமல் மார்புக்கூட்டுக்குள் இறங்கி, நெஞ்செலும்புக்கும் இதயத்துக்கும் நடுவில் போய் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் காட்டில் இதே அளவுக்கு நீளமான குழல் மாதிரி ஒரு பூ இருக்கிறது, அதன் அடியில் இருக்கும் தேன் எட்டுவது இந்த ஒரு வௌவாலுக்குத்தான்.

இன்னொரு அமெரிக்க இனத்தில் நாக்கு நுனி முழுக்க மயிர் மாதிரி மெல்லிய இழைகள். நாக்கை நீட்டியதும் அங்கே ரத்தம் பாய்ந்து இழைகள் எல்லாம் விறைத்து நிற்கும், தேனை அப்படியே அள்ளிக்கொள்ளும். வீட்டில் தரை துடைக்கிற மாப் இருக்கிறதே, அதே வேலை, கண் இமைக்கிற நேரத்துக்குள். அதுவும் தேன்சிட்டு மாதிரி பூவுக்கு எதிரே அந்தரத்தில் நின்றுகொண்டே.

நம் பக்கம் அந்தக் குடும்பமே கிடையாது. இங்கே பூவுக்கு வருவது பழந்தின்னி வௌவால்கள். முக்கியமாக மூன்று. ஊர்ப் பெரிய மரங்களில் நூற்றுக்கணக்கில் தலைகீழாகத் தொங்கி, இறக்கையை விரித்தால் நாலடி, அதற்கு மேலும் போகிற பெரிய வௌவால் ஒன்று. நெட்டிலிங்க மரத்திலும் பனையோலைக்கு அடியிலும் நாலைந்தாகத் தொங்கும் குட்டைமூக்கு வௌவால் இரண்டாவது. பாறைக் குகை, பாழடைந்த கட்டடம் என்று இருட்டு தேடிப் போவது மூன்றாவது. இவை பழமும் தின்னும், தேனும் குடிக்கும், பூவிதழையும் மெல்லும். தேனுக்கென்றே பிறந்தவை அல்ல, கிடைத்ததைச் சாப்பிடுகிற சம்சாரிகள். ஆனால் பூவுக்குள் முகத்தை விட்டுவிட்டு மூஞ்சியெல்லாம் மகரந்தத்தோடு அடுத்த மரத்துக்குப் போகிறதே, மரத்துக்கு அது போதும்.

கோயில் மண்டப இருட்டில் கீச்கீச்சென்று தொங்கும் பொடி வௌவால், நம் ஆட்கள் துரிஞ்சில் என்பார்களே, அதற்கும் பூவுக்கும் சம்பந்தம் இல்லை. அது கொசு, பூச்சி பிடிக்கிற ஜாதி.

அணைக்கட்டு பக்கத்திலிருந்து ஒரு வாசகர்: எங்கள் வீட்டுப் பின்னால் பெரிய இலவ மரம். தை பிறந்தால் ராத்திரி முழுக்க வௌவால் சத்தம், மாடியெல்லாம் அசிங்கம். தகரம் தட்டி விரட்டுகிறோம். நீங்கள் என்னடாவென்றால் தலையணை, பங்கு என்கிறீர்கள். விளக்கவும்.

உங்கள் கோபம் புரிகிறது ஐயா. மாடியில் வடகம் காயப்போட்ட வீட்டுக்காரம்மாவின் கோபமும் புரிகிறது.

ஆனால் ஒரே ஒரு ராத்திரி தகரம் தட்டாமல் மாடியில் உட்கார்ந்து பாருங்கள். எங்கள் சித்தப்பா வீட்டு மாடியில் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். அந்த மாதத்தில் இலவ மரத்தில் இலையே இருக்காது, மொட்டைக் கிளை, கிளையெல்லாம் கொத்துக்கொத்தாக மொட்டு. பொழுது சாய்ந்து தெருவிளக்கு எரிகிற நேரத்துக்கு மொட்டு விரிய ஆரம்பிக்கும். மங்கின வெள்ளைப் பூ, மல்லிகை மாதிரி வாசம் எல்லாம் கிடையாது, லேசாகப் புளித்த ஒரு வாடை. யோசித்துப் பார்த்தால் எல்லாமே கணக்காக இருக்கிறது: இருட்டில் தெரிய வெள்ளை, தூரத்திலிருந்து மோப்பம் பிடிக்க அந்த வாடை, இறக்கை மாட்டிக்கொள்ளாமல் வந்து இறங்க இலையில்லாத கிளை. பகலில் வருகிற வண்ணத்துப்பூச்சிக்காக இந்தப் பூ அலங்காரம் செய்துகொள்ளவே இல்லை.

ஏழரை மணி வாக்கில் முதல் வௌவால் வந்தது. மரத்தை இரண்டு சுற்று சுற்றிவிட்டு ஒரு கொத்தின் மேல் தொப்பென்று விழுந்து, கால் நகத்தாலும் கட்டைவிரல் நகத்தாலும் கொத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, மூஞ்சியை உள்ளே விட்டு நக்கியது. இரண்டு மூன்று விநாடி இருக்கும். அடுத்த பூ. அப்புறம் அடுத்த கொத்து. டார்ச் அடித்ததும் திரும்பிப் பார்த்தது, நாய்க்குட்டி மூஞ்சி, பெரிய கண், கழுத்து ரோமமெல்லாம் மஞ்சள் பொடி, சந்தனம் அப்பிக்கொண்டு கல்யாண வீட்டிலிருந்து வந்த மாமா மாதிரி. அந்தப் பொடியோடு அது அடுத்த தெரு இலவ மரத்துக்குப் போகிறது. அதுதான் நான் சொன்ன பங்கு.

"இலவு காத்த கிளி" என்று நாம் சொல்கிறோம் இல்லையா, கிளி காய் பழுக்கும் பழுக்கும் என்று காத்திருந்து கடைசியில் வெடித்துப் பஞ்சாய்ப் பறந்ததைப் பார்த்து ஏமாந்தது. வௌவால் அப்படிக் காத்திருக்கவே இல்லை. பூவிலேயே தன் கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சில இலவ மரங்கள் வேறு மரத்து மகரந்தம் வராமல் தன் மகரந்தத்திலேயே ஓரளவு காய்க்கும், ஆகவே வௌவால் இல்லாவிட்டால் தலையணையே இல்லை என்று யாராவது சொன்னால் அது மிகை. நான் "ஒரு பங்கு" என்றுதான் எழுதினேன், பழைய இதழை எடுத்துப் பாருங்கள். தகரத்தை இந்த ஒரு மாதம் மட்டும் ஓரமாக வையுங்கள். வடகத்தைக் காலையில் காயப்போட்டுச் சாயங்காலம் எடுத்துவிடுங்கள்.

இலவம்பாடி வாசகர்: எங்கள் ஊர் பெயரிலேயே இலவம் இருக்கிறது. எங்கள் முள்ளுக்கத்தரிக்கும் வௌவால்தான் உதவுகிறதா?

இல்லை. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கின கத்தரிக்காய்க்கு வௌவாலைச் சொந்தம் கொண்டாடவிட முடியாது. கத்தரிப்பூ பகல் பூ, அதில் தேனே கிடையாது. மகரந்தம் உப்புக்குப்பி மாதிரி ஒரு பையில் அடைபட்டிருக்கும், கருவண்டு மாதிரி பெரிய தேனீ வந்து பூவைப் பிடித்துக்கொண்டு "ர்ர்ர்" என்று உடம்பை அதிர வைத்தால்தான் நன்றாகக் கொட்டும். காலையில் வயலில் அந்தச் சத்தத்தை நீங்களே கேட்டிருப்பீர்கள்.

காட்பாடி வாசகர்: மெக்சிகோவில் கற்றாழைப் பூவுக்கு வௌவால் வருகிறது என்று படித்தேன். நம் ரயில் பாதை ஓரத்திலும் கற்றாழை இருக்கிறதே, அதற்கு ஏன் வருவதில்லை?

அருமையான கேள்வி, இந்த முறை வந்த கடிதங்களில் எனக்குப் பிடித்ததே இதுதான்.

காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டை போகிற ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் பார்க்கலாம், நீளமான முள் ஓரம் வைத்த சாம்பல் பச்சை மடல், அதன் நடுவில் எப்போதாவது ஒன்று மட்டும் தந்திக் கம்பம் மாதிரி இருபது அடிக்குத் தண்டு விட்டு நிற்கும். நாம் அதை ரயில் கற்றாழை என்றே சொல்லிப் பழகிவிட்டோம். மாடு உள்ளே வராமல் இருக்க வேலியாக நட்டது, நாரை உரித்துக் கயிறு திரித்தார்கள். ஆனால் பிறந்த ஊர் மெக்சிகோ பக்கம். பாதிச் சீமையைத் தாண்டி இங்கே வந்து வேலிகாத்த செடி இது.

பிறந்த ஊரில் அந்த இனத்துச் செடிகள் பல வருஷம் மாவுச்சத்தைச் சேர்த்து வைத்து, வாழ்க்கையில் ஒரே ஒரு முறை பூத்து, அதோடு சாகும். பூப்பது இரவில், தண்டு உச்சியில், தட்டு தட்டாக. அங்கே லெப்டோனிக்டெரிஸ் என்கிற நீளமூக்கு வௌவால் கூட்டம் கூட்டமாக வருகிறது. இந்த வௌவால் இருபது இருபத்தைந்து கிராம்தான் இருக்கும், ஆனால் தெற்கே மெக்சிகோவிலிருந்து கள்ளியும் கற்றாழையும் பூக்கப் பூக்க அதையே வழியாக வைத்துக்கொண்டு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வடக்கே அமெரிக்காவின் அரிசோனா வரை போகிறது.

அங்கேயும் மனிதன் சும்மா இருக்கவில்லை. டெக்கீலா என்கிற சாராயம் இந்தக் கற்றாழை வகையில் ஒன்றின் அடிக்கிழங்கிலிருந்துதான் வருகிறது. தண்டு விட்டால் சர்க்கரையெல்லாம் பூவுக்குப் போய்விடும் என்று பூக்குமுன்பே வெட்டிவிடுவார்கள், புதிதாக நட பக்கக்கன்றுகளையே பிரித்து நடுவார்கள். வௌவாலுக்குப் பூவும் இல்லை, செடிக்கு விதையும் இல்லை, கோடிக்கணக்கான செடி ஒரே அச்சு, ஒரு நோய் வந்தால் எல்லாம் ஒன்றாகப் படுக்கும். மெக்சிகோவின் ரோட்ரிகோ மெடயின் என்கிற வௌவால் ஆராய்ச்சியாளர் இதைச் சொல்லிச் சொல்லி, தோட்டத்தில் நூற்றுக்கு ஐந்து செடியையாவது பூக்கவிடுங்கள் என்று உற்பத்தியாளர்களை ஒப்புக்கொள்ள வைத்தார். அப்படித் தயாரித்த புட்டியில் 2016 முதல் வௌவால் முத்திரை. 1988-ல் அழியும் நிலை என்று அமெரிக்கா பட்டியலில் சேர்த்தபோது தெரிந்த இடங்களில் ஆயிரத்துக்கும் குறைவாக இருந்த அந்த வௌவால் 2 லட்சம் அளவுக்கு ஏறி, 2018-ல் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

இனி நம் ரயில் பாதைக்கு வருவோம். செடி கப்பல் ஏறி வந்தது, அதன் வௌவால் வரவில்லை. நம் வௌவால் எட்டிப் பார்த்தாலும் பார்க்கலாம். ஆனால் நார்க்கற்றாழையில் பூ உதிர்ந்த தண்டைக் கிட்டப் போய்ப் பாருங்கள், காய்க்கு பதிலாகப் பூ இருந்த இடத்திலேயே குட்டிக் குட்டிச் செடிகள் முளைத்து நிற்கும், காற்றடித்தால் கீழே விழுந்து வேர் விடும். துணை வராது என்று தெரிந்து வேறு வழி பார்த்துக்கொண்ட மாதிரி எனக்குத் தோன்றும். (தாவரவியல் வாத்தியார்கள் அடிக்க வராதீர்கள், சொந்த ஊரிலும் அது அப்படிக் குட்டி போடும் என்று தெரியும்.)

ஆம்பூர் வாசகர்: வாழைப்பூவில் வௌவால் தொங்குகிறது. தார் கெட்டுவிடுமா?

கெடாது. நாம் சாப்பிடுகிற வாழைக்கு மகரந்தமே வேண்டாம், அதனால்தான் விதை இல்லை. மடலுக்கு அடியில் ஊறும் தேனை நக்கிவிட்டுப் போய்விடும். காட்டில் இருக்கிற விதை வாழைக்குத்தான் வௌவால் உதவி தேவை. பழுத்த தாரை மரத்திலேயே விட்டால் அது வேறு கதை.

கே.வி. குப்பம் வாசகர்: பூவுக்கு வருவதெல்லாம் சரி. மாந்தோப்பில் பழம் போகிறதே? நரம்பு வலை கட்டினோம், நாலு வௌவால் மாட்டிச் செத்தது. கேஸ் வரும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார்.

பழம் தின்னாது என்று நான் எப்போதும் சொல்லமாட்டேன். தின்னும். ஆனால் அதற்கு வேண்டியது பழுத்து மணக்கிற பழம், கொட்டை கட்டிய காயாகப் பறித்து வண்டி ஏற்றிவிட்டால் நஷ்டம் பெரிதாக இருக்காது. வீட்டுக்கென்று மரத்தில் பழுக்கவிடுவதைத்தான் பங்கு கேட்கும்.

சட்டத்தைப் பொறுத்தவரை அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் எலி, காக்கை இவற்றோடு பழந்தின்னி வௌவாலையும் தீங்கு செய்யும் பிராணிகள் என்று ஐந்தாம் அட்டவணையில் தள்ளி வைத்திருந்தார்கள், கொன்றால் கேட்பார் இல்லை. 2022-ல் சட்டத்தைத் திருத்தி அந்த அட்டவணையையே எடுத்துவிட்டார்கள், 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. பெரிய வௌவால் இப்போது இரண்டாம் அட்டவணையில் பாதுகாக்கப்பட்ட விலங்கு. அதனால் நரம்பு வலை வேண்டாம், அது இருட்டில் கண்ணுக்கும் தெரியாது, மாட்டினால் அறுத்தும் எடுக்க முடியாது. கண்ணுக்குத் தெரிகிற தடித்த வலை, சின்னக் கண்ணாக, தொங்கவிடாமல் இழுத்துக் கட்டினால் பழமும் தப்பும் வௌவாலும் தப்பும்.

ஆரணி வாசகி: நிப்பா வந்த பிறகு வௌவாலைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. நீங்கள் புகழ்ந்துகொண்டே போகிறீர்கள்.

(ஆரணி இப்போது திருவண்ணாமலை மாவட்டம். பழைய வட ஆற்காட்டுக்காரர்கள் நாங்கள் விட்டுக்கொடுப்பதாக இல்லை.)

பயத்தில் நியாயம் இருக்கிறது அம்மா. நிப்பா வைரஸ் பெரிய பழந்தின்னி வௌவாலின் உடம்பில் அதற்கு ஒன்றும் செய்யாமல் இருக்கும், அதன் எச்சிலிலும் சிறுநீரிலும் வெளியே வரலாம். 2018-ல் கோழிக்கோடு பக்கம் 17 பேர் இறந்தார்கள். வங்கதேசத்தில் ராத்திரி ஈச்சமரத்தில் கட்டிய பானையில் வௌவால் வாய் வைத்து, அந்தச் சாற்றைக் காலையில் பச்சையாகக் குடித்தவர்களுக்கு நோய் வந்தது. அங்கே இப்போது பானையைச் சுற்றி மூங்கில் தட்டி கட்டச் சொல்கிறார்கள். நம் பக்கம் பதநீர் இறக்குகிறவர்களும் பானை வாயை மூடிக் கட்டுவது நல்லது.

என் பாட்டி இலந்தை, கொய்யா எது கீழே கிடந்தாலும் பொறுக்கித் துடைத்துக் கொடுக்கும், "வவ்வா துன்ன மிச்சம்டா, அதுதான் இனிப்பா கீது" என்று. நாங்களும் தின்றோம். இன்று என் பேரனுக்கு அதைக் கொடுக்கமாட்டேன். பல் பட்ட பழத்தைத் தூக்கிப் போடுங்கள், மற்றதைக் கழுவித் தோல் சீவிச் சாப்பிடுங்கள், விழுந்து கிடக்கும் வௌவாலை வெறும் கையால் எடுக்காதீர்கள். மரத்தில் தொங்குகிறதைக் கல்லெறிந்து கலைப்பதால் நோய் போகாது, கூட்டம் சிதறி நாலு ஊருக்குப் போகும், அவ்வளவுதான்.

வாலாஜா, எட்டாம் வகுப்பு மாணவி: வௌவாலுக்குக் கண் தெரியாது என்று எங்கள் வகுப்பில் சொன்னார்கள். அப்புறம் எப்படிப் பூவைக் கண்டுபிடிக்கும்?

கண் தெரியாத வௌவால் என்று ஒன்றும் இல்லை கண்ணு. பழந்தின்னிக்கு உன்னைவிட இருட்டில் நன்றாகத் தெரியும், மூக்கும் படு கூர்மை. சத்தம் போட்டு எதிரொலி கேட்டு வழி கண்டுபிடிப்பது முக்கியமாகப் பூச்சி பிடிக்கிற வௌவால்களும் அமெரிக்கத் தேன் வௌவால்களும். க்யூபா நாட்டில் ஒரு கொடி, பூங்கொத்துக்கு மேலே கிண்ணம் மாதிரி குழிந்த ஒரு இலையை வைத்திருக்கிறது. வௌவாலின் சத்தம் அந்தக் கிண்ணத்தில் பட்டு எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் ஒரே மாதிரி திரும்பி வரும், இங்கே இருக்கிறேன் என்று கூப்பிடுகிற மாதிரி. அந்த இலை இருந்தால் வௌவால் தேடுகிற நேரம் பாதியாகக் குறைகிறது என்று 2011-ல் சோதித்துப் பார்த்தார்கள். வகுப்பில் போய் இதைச் சொல்.

போளூர் வாசகர்: ஜவ்வாது மலை அடிவாரத்தில் எங்கள் தாத்தா காலத்து இலுப்பை மரங்கள் நாலைந்து மிச்சம். மாசி கடைசியில் காலையில் மரத்தடியில் பூவாகக் கொட்டிக் கிடக்கும். அதற்கும் வௌவாலுக்கும் தொடர்பு உண்டா?

நிறைய உண்டு. ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று சும்மா சொல்லவில்லை, அந்தப் பூவை வாயில் போட்டுப் பாருங்கள், திராட்சை மாதிரி சதைப்பற்று, தித்திப்பு. நம்மை மயக்கின அந்தச் சர்க்கரை உண்மையில் வௌவாலுக்காகச் செய்தது. பூ விரியுமுன்பே பெண் பாகத்து நுனி, சூல்முடி, ஊசி மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அப்போது மற்ற மரத்து மகரந்தத்தோடு வருகிற வௌவாலின் மூஞ்சி முதலில் இடிப்பது அதில்தான். பிறகு மகரந்தம் முதிர்ந்ததும் வௌவால் அந்தச் சதைப்பற்றான இதழ்க் கிண்ணத்தை மட்டும் வாயால் கவ்விப் பிடுங்கி எடுக்கும், சூலகம் காம்போடு மரத்திலேயே நிற்கும், காய்க்கும். நமக்குப் பூவைப் பிய்த்து நாசம் பண்ணுகிறது என்று தோன்றும். மரத்தின் கணக்கு வேறு.

காய் பழுத்ததும் அதே வௌவால் பழத்தைத் தூக்கிக்கொண்டு போய் வேறு மரத்தில் தொங்கித் தின்று கொட்டையைப் போடும். நட்டவர் யார் என்றே தெரியாத இலுப்பைக் கன்று வேலியோரம் நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்கள் ஊர் ரோட்டில் இரண்டு பக்கமும் இலுப்பை இருந்தது, விளக்கெரிக்க எண்ணெய், தலைக்குத் தேய்க்கப் புண்ணாக்கு. ரோட்டை அகலமாக்கும்போது ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் சாய்த்தார்கள், பதிலுக்கு நட்டது கம்பி வலைக்குள் பூச்செடி. உங்கள் நாலு மரத்தைத் தொடவிடாதீர்கள்.

இன்னும் இரண்டு பேர், சத்துவாச்சாரியிலிருந்தும் ராணிப்பேட்டையிலிருந்தும்: நேரில் பார்க்க ஆசை. எங்கே, எப்போது?

இலவம் என்றால் தை, மாசி. இலுப்பை என்றால் மாசிக் கடைசியிலிருந்து பங்குனி. காட்டுக்குள் போக வேண்டாம், ஏதாவது ஏரிக்கரையில், கோயில் பின்புறத்தில் பூத்த மரம் ஒன்றைப் பகலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நிலா இருந்தால் வானத்துக்கு எதிரே நிழல் தெரியும். டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றுங்கள், செல்போன் ஃபிளாஷ் வேண்டாம். ஏழு மணிக்கெல்லாம் உட்கார்ந்துவிடுங்கள், நேர் கீழே உட்காராதீர்கள், ஏன் என்று அணைக்கட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார்.

ஒன்றும் தெரியவில்லை என்றாலும் பரவாயில்லை, விடிந்ததும் இலவ மரத்தடிக்குத் திரும்பப் போய் உதிர்ந்த பூக்களைப் புரட்டிப் பாருங்கள். சில பூக்களின் இதழ் வெளிப்பக்கத்தில் மெல்லிசாக நாலைந்து கீறல் இருக்கும், அந்த இடம் பழுப்பேறியிருக்கும். அது நகம் பட்ட இடம்.